கறிக்கோழி கால் மடக்கினால் முதலில் தராசைப் பாருங்கள்

பல்லடம் வட்டாரத்தில் பெரும்பாலான பண்ணைக்காரர்கள் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் கறிக்கோழி வளர்க்கிறார்கள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் லாரியில் வந்து இறங்கும். தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது என்று அவர்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் அந்த வழியில் போகாதவன். சொந்த அரவை மிஷின், சொந்தக் கலவை, ஒரு தொகுதிக்கு 3,000 குஞ்சு. ஆகவே என் கொட்டகையில் ஒரு குஞ்சு காலை மடக்கி உட்கார்ந்தால் கை நீட்டிக் குறை சொல்ல எதிரே ஆள் கிடையாது.

குஞ்சு உட்கார்ந்ததும் நம் கை தானாகப் போவது டானிக் பாட்டிலுக்கு. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். வைட்டமின் குறைவு என்று ஒரு பாட்டில், தாது உப்புக் குறைவு என்று ஒரு பை, ஈரலுக்கு ஒன்று, இரைப்பைக்கு ஒன்று. இப்போது வாங்குகிற பிரீமிக்ஸில், அதாவது வைட்டமினும் தாது உப்பும் முன்பே கலந்து வரும் பையில், தேவைக்கு மேலேயே சத்து இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-இல் வெளியிட்ட அட்டவணை, கறிக்கோழிக்கு ஒரு கிலோ தீவனத்தில் வைட்டமின் டி3 200 அலகு போதும் என்கிறது. நாம் சாதாரணமாகப் போடுவது 3,000 முதல் 5,000 அலகு. இவ்வளவு போட்டும் எலும்பு வளைகிறது என்றால் பிரீமிக்ஸ் பையில் சத்து இல்லாமல் போகவில்லை. எடை போட்டதில், கலந்ததில், வைத்த இடத்தில், குடித்த தண்ணீரில் ஏதோ நடந்திருக்கிறது. அதைத் தேடும் வழியைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு கேள்வி. எவ்வளவு வேகமாக வந்தது? சத்துக் குறைவு ஊர்ந்து வரும்: இன்று ஐந்து குஞ்சு, நாளை பன்னிரண்டு, மறுநாள் இருபது. நேற்று மாலை வரை ஓடிய கோழிகளில் பாதி இன்று காலை எழவில்லை என்றால் அது குறைவு அன்று. மருந்து, நச்சு, தண்ணீர், வெப்பம் ஆகியவற்றில் ஒன்று. அடுத்த கேள்வி: எந்தக் கலவையைத் தின்ன ஆரம்பித்த பிறகு வந்தது? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு கலவைக்கும் தேதி போட்ட நோட்டு இருக்க வேண்டும். இல்லாதவர்கள் இன்றைக்கே ஒரு 40 பக்க நோட்டு வாங்கிவிடுங்கள்.

சளி, இருமல், பச்சைக் கழிச்சல், ரத்தக் கழிச்சல் கூடவே இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் அறுத்துப் பார்க்கும் இரண்டு கோழி, நீங்கள் வாங்கப்போகும் இருபது பாட்டிலை விட மலிவு.

குஞ்சு முட்டியில் உட்கார்ந்திருக்கிறது, விரல்கள் உள்பக்கம் சுருண்டிருக்கின்றன

பத்து நாள் முதல் மூன்று வார வயதுக்குள் பார்ப்பீர்கள். குஞ்சு சுறுசுறுப்பாகவே இருக்கும், தின்ன ஆசைப்படும், ஆனால் கணுக்கால் முட்டியை ஊன்றித்தான் நகரும். கால்விரல்கள் கையை மூடியதுபோல் உள்ளே மடங்கியிருக்கும். இது வைட்டமின் பி2, அதாவது ரைபோஃபிளேவின் குறைவின் அடையாளம். அறுத்துப் பார்த்தால் தொடையில் ஓடும் பெரிய நரம்பு பல மடங்கு தடித்திருக்கும்.

குழப்பிக்கொள்ளக் கூடாதவை இரண்டு. விரல் பக்கவாட்டில் கோணலாகத் திரும்பியிருந்தால் அது பி2 அன்று. குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடரில் வழுக்கும் காகிதம் விரித்ததால் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து கிடப்பதும் இது அன்று. காகிதத்தை எடுத்துவிட்டு உமியோ நார்த்தூளோ போட்டால் அடுத்த தொகுதியில் அது வராது.

ரைபோஃபிளேவினுக்கு வெளிச்சம் ஆகாது. பிரீமிக்ஸ் பையைப் பிரித்து வாயைக் கட்டாமல் ஜன்னலோரம் வைத்தீர்களா என்று பாருங்கள். முதல் வாரத்திலேயே, அதுவும் ஒரே பொரிப்பகக் குஞ்சுகளில் மட்டும் வந்தால் தாய்க்கோழியின் தீவனத்தைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் கலவை இன்னும் அதன் உடம்பில் வேலை செய்யவே ஆரம்பித்திருக்காது. இரண்டு மூன்று நாளாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்றால் தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்ததும் எழுந்துவிடும். ஒரு வாரமாகச் சுருண்ட விரல் நிமிராது, நரம்பு கெட்டுவிட்டது. அந்தக் குஞ்சுகளைப் பிரித்து, தீவனமும் தண்ணீரும் எட்டும் உயரத்தில் வைத்து வளர்க்கலாம். கூட்டத்தில் விட்டால் மிதிபட்டே சாகும்.

காலெலும்பு ரப்பர் போல் வளைகிறது

என்னை அதிகம் அழவைத்தது இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இரண்டு வாரக் குஞ்சு தள்ளாடி நடக்கும், பிறகு நடக்கவே மறுக்கும். அலகை இரண்டு விரலால் அழுத்தினால் வளையும். செத்த குஞ்சின் காலெலும்பை எடுத்து ஒடித்துப் பாருங்கள். நல்ல எலும்பு 'டக்' என்று ஒடியும். நோய்ப்பட்டது முருங்கைப் பிஞ்சு போல் வளைந்து கொடுக்கும். நெஞ்சைத் திறந்தால் விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் இடத்தில் மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக இருக்கும்.

இது கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3 மூன்றும் சேர்ந்து இழுக்கும் தேர். ஒன்று நின்றாலும் தேர் நிற்கும், இரண்டு வடம் ஒரே பக்கம் இழுத்தாலும் நிற்கும். முதல் கட்டத் தீவனத்தில் கால்சியம் 1 சதவீதம், கோழியின் உடம்புக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் 0.45 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. கால்சியம் மட்டும் ஏறிவிட்டால் இருக்கும் பாஸ்பரஸையும் அது குடலில் கட்டிப்போட்டுவிடும். எலும்பு வளைகிறதே என்று சுண்ணாம்பை அள்ளிப் போடுகிறவர்கள் பல நேரம் நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

என் கதை இது. டைகால்சியம் பாஸ்பேட்டும் சுண்ணாம்புக்கல் தூளும் ஒரே மாதிரி வெள்ளைத் தூள். ஒரே கடையில் வாங்கி, ஒரே நிறச் சாக்கில், பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்தேன். கலவைக்கு வந்த புது ஆள் இரண்டு தடவையும் சுண்ணாம்புச் சாக்கிலிருந்தே அள்ளிவிட்டார். டைகால்சியம் பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் சுமார் 18 சதவீதம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் பாஸ்பரஸே கிடையாது, கால்சியம் மட்டும் 38 சதவீதம். பதினாறாம் நாள் 200 குஞ்சு தரையோடு தரையாகக் கிடந்தது. நான் டி3 பாட்டில் மூன்று வாங்கி ஊற்றினேன். ஒன்றும் நகரவில்லை. கலவை மாறிய பிறகுதான் நகர்ந்தது.

அன்று கற்ற சோதனை: ஒரு கரண்டித் தூளில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பொங்கும், டைகால்சியம் பாஸ்பேட் பெரும்பாலும் சும்மா இருக்கும். 'டைகால்சியம்' என்று விற்றது நன்றாகப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. சாறு ஊற்றியும் கரையாமல் அடியில் நறநறவென்று நிற்பது பெரும்பாலும் மணல். ஐந்து ரூபாய் எலுமிச்சைக்கு இவ்வளவு உண்மை தெரியும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது ஃபைட்டேஸ். மக்காச்சோளத்திலும் சோயாவிலும் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. இந்த நொதி பூட்டைத் திறக்கும் சாவி. கிலோவுக்கு 500 அலகு போட்டால் சுமார் 0.1 சதவீதப் பாஸ்பரஸ் விடுபடும் என்று கணக்கு வைத்து அந்த அளவு டைகால்சியம் பாஸ்பேட்டைக் குறைக்கிறோம். சாவி கெட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். தீவனத்தை வெளியே கொடுத்துக் குருணைத் தீவனமாக அடித்து வாங்குகிறவர்கள், வெப்பம் தாங்கும் வகையா என்று கேட்டுத்தான் ஃபைட்டேஸ் வாங்க வேண்டும். 80, 85 டிகிரி நீராவியில் சாதாரண வகை செத்துவிடும்.

இவை இரண்டும் சரி என்று உறுதியான பிறகு மூன்றாவதாக டி3. பிரீமிக்ஸ் எத்தனை மாதப் பழையது? தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் கிடந்ததா? ஈரல் வெளிறி மஞ்சளாக இருக்கிறதா? டி3 முதலில் ஈரலில்தான் மாற்றமடைகிறது. பூஞ்சை நச்சால் கெட்ட ஈரல் உள்ள கோழிக்கு எவ்வளவு டி3 கொடுத்தாலும் பயன் குறைவு. அங்கே 25-ஹைட்ராக்சி டி3 என்று விற்கும் வகை உதவும், ஏனென்றால் ஈரல் செய்யும் வேலை அதில் முன்பே முடிந்திருக்கிறது. கூடவே வைட்டமின் ஏ டானிக்கைத் தாராளமாக ஊற்றாதீர்கள். ஏ மிஞ்சினால் டி3-யையும் இ-யையும் அது அமுக்கும்.

முட்டி வீங்கி, ஒரு கால் மட்டும் வெளியே திரும்பியிருக்கிறது

எலும்பு கெட்டியாகவே இருக்கும். முட்டிக்குப் பின்னால் ஓடும் தசைநாண் பள்ளத்திலிருந்து நழுவியிருக்கும், விரலால் தடவினாலே தெரியும். மாங்கனீஸ் என்ற தாதுவும் கோலின் என்ற சத்தும் முதல் சந்தேகம், பயோட்டின் என்ற வைட்டமின் அடுத்தது. தேவை: மாங்கனீஸ் கிலோவுக்கு 60 மில்லிகிராம், கோலின் முதல் கட்டத்தில் 1,300 மில்லிகிராம். 60 சதவீதக் கோலின் குளோரைடு டன்னுக்கு 1 கிலோ போட்டால் கிடைப்பது கிலோவுக்கு 520 மில்லிகிராம் கோலின். மீதி சோயாவிலிருந்து வர வேண்டும். சோயா விலை ஏறிய மாதத்தில் அதைக் குறைத்துக் கடலைப் புண்ணாக்குப் போட்டிருந்தால் இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். கால்சியமும் பாஸ்பரஸும் அதிகமானாலும் மாங்கனீஸ் உடம்பில் சேராது, மேலே சொன்ன சுண்ணாம்பு ஆசாமிகளுக்கு இது இரண்டாம் தண்டனை. நழுவிய நாண் திரும்பாது. புதிதாக வராமல் தடுப்பதுதான் செய்யக்கூடியது.

தலை வானத்தைப் பார்க்கிறது, அல்லது தலை கால்களுக்கு நடுவே போகிறது

இந்த இரண்டையும் பலர் ஒன்றாக எண்ணி ஒரே மருந்து கொடுக்கிறார்கள்.

குஞ்சு காலை மடித்து உட்கார்ந்து, தலையை முதுகுப் பக்கம் சாய்த்து, நட்சத்திரம் எண்ணுவதுபோல் மேலே பார்த்தால் அது பி1, தயமின். உடனே கேட்க வேண்டியது: கடந்த வாரம் ரத்தக் கழிச்சலுக்கு ஆம்புரோலியம் கொடுத்தீர்களா? அந்த மருந்து வேலை செய்யும் விதமே தயமினுக்குப் போலியாக நடித்து ஒட்டுண்ணியை ஏமாற்றுவது. அளவு மீறினால், நாள் மீறினால் குஞ்சையும் ஏமாற்றிவிடும். மருந்தை நிறுத்தி, பி1 வாய்வழியே கொடுத்தால் சில மணி நேரத்திலேயே குஞ்சு தலையை இறக்கும். இந்தத் தொழிலில் இவ்வளவு சீக்கிரம் பலன் தெரியும் வைத்தியம் வேறில்லை. ஆனால் ரத்தக் கழிச்சல் இன்னும் தணியாத நேரத்தில் பி1-ஐயும் ஆம்புரோலியத்தையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள், மருந்து வீணாகும். பச்சை மீன் கழிவு சேர்க்கிறவர்களுக்கும் பி1 போகும். சில மீன்களில் அதை அழிக்கும் நொதி இருக்கிறது.

இரண்டாவது வகையில் குஞ்சு தடுமாறும், தலை கீழே அல்லது பக்கவாட்டில் முறுக்கும், விழுந்து கால்களை உதைக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வரும். சிறுமூளை வீங்கி அதில் ரத்தப் புள்ளிகள் இருந்தால் வைட்டமின் இ குறைவு. இங்கே பிரீமிக்ஸ் குற்றவாளி ஆவது அரிது. குற்றவாளி எண்ணெய் டின். காறிப்போன எண்ணெய் தீவனத்தில் உள்ள இ-யைத் தின்றுவிடும். கடைகளில் பொரித்த எண்ணெயை மலிவாக வாங்கி ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அரைத்த தவிடு இரண்டு வாரம் கிடந்தாலும் காறும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், தொண்டையை அரித்தால் அந்த டின் கோழிக்கு வேண்டாம். எண்ணெய் வாங்கிய அன்றே பிஎச்டி (BHT) போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பியைக் கலந்துவிட வேண்டும், காறிய பிறகு கலந்து பயனில்லை. வைட்டமின் இ கொடுத்தால் புதிய குஞ்சுகள் விழுவது நிற்கும், ஏற்கெனவே மூளை கெட்டவை பெரும்பாலும் தேறாது. தோலுக்கடியில் பச்சை நீலமாக நீர் கோத்திருந்தால் கூடவே செலீனியத்தையும் பாருங்கள். தேவை கிலோவுக்கு வெறும் 0.15 மில்லிகிராம், மிஞ்சினால் விஷம். கண்ணளவில் அள்ளவே கூடாத பொருள் இது.

ராணிக்கெட் என்ற வைரஸ் நோயிலும் கழுத்து முறுக்கும். மூச்சிரைப்பு, பச்சைக் கழிச்சல், தடுப்பூசி தவறிய தொகுதி என்றால் வைட்டமினில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

ஒரே நாளில் பாதிக் கொட்டகை உட்கார்ந்துவிட்டது

தண்ணீரில் என்ன கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். என் கொட்டகையில் 24-ஆம் நாள் இருமல் வந்தது. மருந்துக் கடையில் டயமுலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். தீவனத்தில் என்ன ரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தீவனத்தில் சாலினோமைசின் இருந்தது. அதை ஈரல் உடைத்து வெளியேற்றுவதை டயமுலின் தடுத்துவிடும், சரியான அளவில் போட்ட சாலினோமைசினே நஞ்சாகிவிடும். மறுநாள் கோழிகள் கால்களைப் பின்னால் நீட்டிக் கவிழ்ந்து கிடந்தன. சாலினோமைசின் வகையைச் சேர்ந்த மோனென்சினோடு டயமுலின் சேர்ந்தாலும் இதே கதைதான்.

மாற்று மருந்து கிடையாது. தண்ணீர் மருந்தை உடனே நிறுத்தி, சாலினோமைசின் இல்லாத கலவைக்கு மாறி, வைட்டமின் இ-யும் செலீனியமும் ஆதரவாகக் கொடுக்கலாம், அவ்வளவுதான். தண்ணீரில் ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் சாலினோமைசினை எடை போட்ட கணக்கைப் பாருங்கள். 12 சதவீதப் பை என்றால் டன்னுக்கு 500 கிராம், அதாவது 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு). ஒரு டன்னுக்குச் சொன்ன 500 கிராமை 500 கிலோ கலவைக்கே போட்டவர்களை எனக்குத் தெரியும். அதே வகை மருந்தான மதுராமைசினில் சரியான அளவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி இன்னும் குறைவு, அதன் அளவே 5 பிபிஎம்.

கூளம் சேறாகிறது

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். கறிக்கோழித் தொழிலில் உப்பு மிஞ்சிய பண்டம் கூளத்திலே. கொட்டகைத் தரையில் விரித்த கூளத்தில் ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத் திறவுங்கள். உதிர்ந்தால் நல்லது, கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் அதிகம். தேங்காய் நார்த்தூள் நிறைய நீரைக் குடித்துக்கொண்டு வெளியே காட்டாது. அது சேறாகும்போது காரியம் கைமீறியிருக்கும்.

கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளின் ஒழுகல், அதன் உயரம், ரத்தக் கழிச்சல் ஆகியவற்றை முதலில் கழித்துவிடுங்கள். அறுத்துப் பார்த்தால் குடலில் ரத்தம் இல்லை, நிப்பிள் சரி, ஆனாலும் எச்சம் தண்ணீராகப் போகிறது என்றால் தொட்டியில் நீர் குறைவதை அளங்கள். மிதமான காலத்தில் ஒரு கிலோ தீவனத்துக்கு 1.8 முதல் 2 லிட்டர் குடிக்கும். அது 2.5, 3 என்று போனால் உப்பைத் தேடுங்கள்.

தேடும் இடம் உப்புச் சாக்கு மட்டும் இல்லை, கருவாட்டுத் தூளும்தான். கணக்கைப் பாருங்கள். 15 சதவீத உப்பு உள்ள கருவாட்டுத் தூளை 8 சதவீதம் சேர்த்தால் அதிலிருந்து மட்டும் 1.2 சதவீத உப்பு வந்துவிடுகிறது. அதன் மேல் வழக்கமான 0.3 சதவீதம். மொத்தம் 1.5. உப்பில் 39 சதவீதம் சோடியம், ஆகவே தீவனத்தில் சோடியம் 0.58 சதவீதம். குஞ்சுக்கு வேண்டியது 0.20. மூன்று மடங்கு உப்புத் தின்ற கோழி குடிக்காமல் என்ன செய்யும்? கருவாட்டுத் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி நாக்கில் வையுங்கள், உப்பு கரிக்கும் அளவு தெரியும். அடியில் படியும் மணலும் தெரியும், மீன் விலைக்கு மணல் வாங்கிய கதையும் புரியும். கருவாட்டை விட்டு நான் வெளியேறிப் பல வருடம் ஆயிற்று. சோயாவும் செயற்கை அமினோ அமிலங்களும் போதும்.

அடுத்தது ஆழ்துளைக் கிணறு. கோடையில் எங்கள் பக்கத்து நீர் கரிக்கும். தண்ணீரிலேயே சோடியம் வரும்போது தீவன உப்பைக் குறைக்க வேண்டும், ஆண்டு முழுவதும் ஒரே சூத்திரம் வைப்பது தவறு. பிறகு சமையல் சோடா. வெயிலுக்கு என்று சோடா சேர்க்கிறவர்கள் அதில் 27 சதவீதச் சோடியம் இருப்பதை மறந்து உப்பை அப்படியே விடுகிறார்கள். சுண்ணாம்புக்கல்லுக்குப் பதில் டோலமைட் வந்திருந்தால் அதன் மெக்னீசியமே பேதியாக்கும்.

பாதத்தில் புண் வந்ததும் பயோட்டின் வாங்க ஓடாதீர்கள். ஈரக் கூளத்தில் நின்றால் யார் பாதமும் வெந்துபோகும். கூளம் காய்ந்த பிறகும் பாதம் வெடித்தால் பயோட்டினைப் பேசலாம்.

கழிச்சல் என்றதும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை நீட்டுகிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிக்கும் அது 2019 ஜூலையிலிருந்து இந்தியாவில் தடை.

அறுத்தால் ஈரல், இதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கிறது

இது கவுட் எனும் உள்ளுறுப்புக் கீல்வாதம். சிறுநீரகம் வேலை செய்யாமல் யூரிக் அமிலம் வெளியே போக வழியின்றி உறுப்புகளின் மேல் படிகிறது. தண்ணீர் வரத்து தடைபட்டதா, முதல் நாள் குஞ்சு வறண்டு வந்ததா, தீவனத்தில் கால்சியம் எவ்வளவு என்ற வரிசையில் பாருங்கள். சிறுநீரகத்தைத் தாக்கும் வைரஸ்களும் உண்டு, அதை மருத்துவர் சொல்வார்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் நாமக்கல் பக்கம் முட்டைக்கோழித் தீவனம் மலிவாகக் கிடைத்தது என்று கறிக்கோழிக்குப் போட்டார். முட்டை ஓட்டுக்காக அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். கறிக்கோழிக்கு வேண்டியது 1. பத்தே நாளில் சிறுநீரகம் படுத்துவிட்டது. மிச்சம் பிடித்த பணம் குழி வெட்டும் கூலிக்குப் போயிற்று.

செய்ய வேண்டியது: அந்தத் தீவனத்தை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் உடைத்த மக்காச்சோளத்தைப் பாதிக்கு மேல் கொடுத்துப் புரதத்தை இறக்குங்கள், தண்ணீர் எப்போதும் ஓடட்டும், வெல்லத் தண்ணீர் கொடுக்கலாம். சமையல் சோடா இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

இறகு வரவில்லை, ஒன்று பெரிது ஒன்று சிறிது

முதுகு வெறுமையாக, கோழிகள் கீழே விழுந்த இறகைப் பொறுக்கித் தின்றால் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் குறைவு. இறகுக்கும் உடலுக்கும் போட்டி வந்தால் இறகு தோற்கும். முதல் கட்டத்துக்கு 0.50 சதவீதம் வேண்டும். சோயாவைக் குறைத்து லைசின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தை மட்டும் கூட்டியவர்களுக்கு இது வரும்.

ஆனால் ஒரே கொட்டகையில் சில கோழி நன்றாக, சில கோழி பாதி உடம்பாக இருந்தால் எனக்கு முதலில் நினைவு வருவது கலவை மிஷின். டன்னுக்கு 250 கிராம் போகிற வைட்டமினை மேலே தூவிவிட்டு ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் ஒரு மூட்டையில் மூன்று மடங்கு, அடுத்த மூட்டையில் ஒன்றுமே இல்லை. செங்குத்துக் கலவை மிஷினுக்கு 12 முதல் 15 நிமிடம் வேண்டும், கிடைமட்டத்துக்கு நான்கைந்து போதும். சின்னச் சரக்கை எல்லாம் முதலில் 10 கிலோ மக்காச்சோள மாவில் கலந்துகொண்டு, பாதிச் சோளம் உள்ளே போன பிறகு கொட்டுங்கள். எண்ணெய் கடைசியில். முதலில் ஊற்றினால் பிரீமிக்ஸ் உருண்டை பிடிக்கும். கோலின் குளோரைடை வைட்டமினோடு ஒரே பையில் சேர்த்து வைக்காதீர்கள், அது காற்றின் ஈரத்தை இழுத்து மற்ற வைட்டமின்களை அழிக்கும்.

இறகுகள் விசிறி போல் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் 'ஹெலிகாப்டர்' குஞ்சுகள் வேறு வகை. குடலைத் தாக்கும் வைரஸ் அதில் பெரும் பங்கு, எந்த டானிக்கும் அவற்றை எடைக்குக் கொண்டுவராது. ஈரல் வெளிறி வீங்கியிருந்தால் சோளத்தின் பூஞ்சையைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் அஃப்ளாடாக்சின் பி1-க்கு உச்ச வரம்பு 20 பிபிபி (நூறு கோடியில் 20 பங்கு). நச்சுப் பிணைப்பான் போட்டாயிற்று என்று ஈரச் சோளத்தை வாங்குவது, குடை இருக்கிறது என்று ஆற்றில் இறங்குவது போல.

வெயிலில் வாய் பிளக்கின்றன

சத்துச் சேர்ப்பால் ஓரளவுதான் உதவி. 35 நாள் தாண்டிய கனத்த கோழிதான் மதியம் மூன்று மணிக்குச் சாகும். காலை பத்து மணிக்குத் தீவனத்தைத் தூக்கிவிட்டு மாலை ஐந்துக்கு இறக்குங்கள். செரிமானச் சூடு தின்ற நான்கைந்து மணி நேரம் கழித்து உச்சத்தில் இருக்கும், அது மதிய வெயிலோடு மோதக் கூடாது. வைட்டமின் சி டன்னுக்கு 200 முதல் 250 கிராம். தண்ணீரில் கொடுத்தால் கரைத்த சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்படி கொடுங்கள், சூடான தொட்டியில் மதியம் வரை அது தங்காது.

சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டிக் குளோரைடைக் கழித்து வரும் கணக்கு கிலோவுக்கு 250 மில்லி ஈக்விவலன்ட் அளவில் நிற்பது நல்லது. சோடியம் 0.20, பொட்டாசியம் 0.85, குளோரைடு 0.25 சதவீதம் என்றால் மில்லி ஈக்விவலன்டில் முறையே 87, 217, 70. கூட்டிக் கழித்தால் 234. இன்னும் கொஞ்சம் ஏற்ற, உப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடா போடுவதே முறை.

இத்தனையும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால்

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. ஒரு மூட்டையின் மேல்வாயில் அள்ளிக் கொண்டுபோகாதீர்கள். ஒரே கலவையின் பத்து மூட்டைகளில் நடுவிலிருந்து எடுத்து, ஒன்றாகக் கலந்து, ஒரு கிலோ கொடுங்கள். கலவை மிஷின் மீது சந்தேகம் என்றால் மட்டும் அந்தப் பத்தையும் தனித்தனிப் பொட்டலமாகக் கொடுத்து உப்பு மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பத்திலும் உப்பு ஏறக்குறைய ஒன்றாக வந்தால் மிஷின் தப்பித்தது. ஒன்றாகக் கலந்து கொடுத்த ஒரு கிலோவில் கால்சியம், பாஸ்பரஸ், உப்பு, அஃப்ளாடாக்சின் நான்கையும் கேட்டால் போதும். வைட்டமின் சோதனைக்குச் செலவு அதிகம், அதைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு கலவையிலும் இன்னொரு கிலோவைத் தேதி எழுதிய பையில் கட்டி, அந்தத் தொகுதிக் கோழி வண்டி ஏறும்வரை வீட்டுக்குள் நிழலில் வைத்திருங்கள். என் வீட்டில் அந்தப் பைகள் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சமையலறையில் கோழித் தீவனமா என்று கேட்டவர்கள் இப்போது அந்தப் பானைப் பக்கமே வருவதில்லை.